ஒரு ரோடோடென்ட்ரானைத் தோண்டியெடுத்து மேடேற்றி நட்ட அனுபவம்

வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி நான் வைத்த ரோடோடென்ட்ரான், நட்ட மறு வசந்தத்தில் 11 பூங்கொத்துகளோடு நின்றது. ஆறாவது வசந்தத்தில் அதில் வந்தவை இரண்டே கொத்துகள். அவையும் முழுதாக விரியாமல் ஓரம் கருகிக் கொட்டிப்போயின. அதைவிட என்னை உறுத்தியது இலைகளின் நிறம். பழைய இலைகள் ஓரளவு பச்சையாக இருக்க, புதிதாக வந்த குருத்திலைகள் வெளிர் மஞ்சளாக விரிந்து, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. இரும்புச் சத்து கிடைக்காத செடியின் முகம் அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்திருந்ததனாலேயே மூன்று ஆண்டுகளை வீணடித்தேன் என்றும் சொல்லலாம். இரும்புச் சத்துக் கரைசலை இலைமேல் தெளித்தேன். தெளித்த இலை பச்சையானது, அடுத்த குருத்து மறுபடி மஞ்சளாகவே வந்தது. கந்தகத் தூளை வேரடியில் தூவினேன். உரக் குறைவோ என்று எண்ணி உரமும் இட்டேன். செடி கேட்காததையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செடியைத் தோண்டி எடுத்து, வேறோர் இடத்தில் நிலமட்டத்துக்கு மேலே மேடு கட்டி நட்டதையும், அதன்பின் வந்த இரண்டு வசந்தங்களையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

ரோடோடென்ட்ரான் என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரும் பேரினம். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு ரோஜா மரம் என்று பொருள். நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த புல்வெளியோரங்களில் செந்நிறத்தில் பூக்கும் காட்டுப்பூவரசும் இந்தக் குடும்பத்து மரந்தான். தோட்டங்களில் அசேலியா என்று தனிப்பெயரில் அழைக்கப்படும் செடிகளையும் தாவரவியலாளர்கள் இன்று இதே பேரினத்துக்குள்தான் வைக்கிறார்கள். பெரும்பாலும் அசேலியாப் பூவில் ஐந்து மகரந்தத் தாள்களும், மற்ற ரோடோடென்ட்ரான் பூக்களில் பத்தோ அதற்கு மேலோ இருக்கும் என்பதைக் கொண்டு ஓரளவு பிரித்தறியலாம். என் செடியின் பெயர்ச்சீட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. அதன் கனத்த தோல் போன்ற இலைகளையும், இளஞ்சிவப்பில் ஊதா கலந்த பூவையும், குளிரைத் தாங்கும் திறனையும் பார்க்கும்போது, வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளிலிருந்து 1809-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு எண்ணற்ற கலப்பினங்களுக்குத் தாயான கட்டாபியென்சே இனத்தின் வாரிசாக இருக்கும் என்று நானாக ஊகித்து வைத்திருக்கிறேன்.

எந்த வாரிசாக இருந்தாலும் வேரின் இயல்பு ஒன்றுதான். ரோடோடென்ட்ரானுக்கு ஆழமாக இறங்கும் ஆணிவேர் கிடையாது. தலைமுடியைப் போன்ற மெல்லிய வேர்கள் மண்ணின் மேலடுக்கில், பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள், பாய் விரித்ததுபோல் பக்கவாட்டில் பரவுகின்றன. மற்றச் செடிகளுக்கு இருக்கும் வேர்த்தூவிகளும் இதற்கு இல்லை. அந்த வேலையை வேருக்குள் குடியிருக்கும் ஒருவகைப் பூஞ்சை செய்து, மட்கிய இலைகளிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது. காட்டில் இந்தச் செடி நிற்பது இலையும் பட்டையும் மக்கிக் கிடக்கும் பொலபொலப்பான மேற்பரப்பில். அங்கே ஈரம் எப்போதும் உண்டு, ஆனால் தண்ணீர் தேங்குவதில்லை; காற்று எப்போதும் உண்டு, ஆனால் வேர் காய்வதில்லை. மண் அமிலத்தன்மையுடன், பி.எச். அளவில் (எண் குறையக் குறைய அமிலம் கூடும், ஏழு நடுநிலை) 4.5 முதல் 6 வரை இருக்க வேண்டும். அந்த அளவு ஏழைத் தாண்டினால், மண்ணில் எவ்வளவு இரும்பு இருந்தாலும் அது கரையாத நிலையில் பூட்டிக் கிடக்கும்; செடியால் எடுத்துக்கொள்ள முடியாது.

முதல் வேலையாக ஒரு காலையில் மண்ணைச் சோதித்தேன். சுவரடியில் 15 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து பார்த்தபோது பி.எச். 7.4 என்று காட்டியது. தோட்டத்தின் கோடியில், ஓக் மரத்தின் விளிம்பு நிழலில் எடுத்த மண் 5.6 காட்டியது. ஒரே தோட்டம், நடுவில் இருபது தப்படி தூரம். காரணம் தேடி ஆழமாகக் கிளறியதும் வெண்மையான சிறு கட்டிகள் வந்தன. ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் வைத்து வினிகரை ஊற்றியவுடன் நுரைத்துப் பொங்கியது. வீடு கட்டியவர்கள் கொட்டிப் புதைத்துவிட்டுப் போன சுண்ணாம்புக் காரைதான் அது. நான் மூன்று ஆண்டுகளாகத் தூவிய கந்தகம் ஏன் பலிக்கவில்லை என்பது அந்த நுரையைப் பார்த்தபோது விளங்கியது. கந்தகத்தைத் தூவியவுடன் மண் புளித்துவிடாது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை மெல்ல மெல்ல அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும், மண் குளிர்ந்திருந்தால் அதுவும் நின்றுவிடும். அப்படிச் சொட்டுச்சொட்டாக உண்டாகும் அமிலத்தை அடியில் கிடக்கும் காரை உடனுக்குடன் தின்றுகொண்டிருந்திருக்கிறது. காரை முழுவதும் தீரும்வரை கந்தகம் போட எனக்கு ஆயுள் போதாது.

இன்னொரு சோதனையும் செய்தேன். இரண்டு இடங்களிலும் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, ஒருமுறை தண்ணீர் நிரப்பி ஊற விட்டு, இரண்டாம் முறை நிரப்பி நேரம் பார்த்தேன். ஓக் மரத்தருகே 50 நிமிடத்தில் குழி வறண்டது. சுவரடியில் நான்கு மணி நேரம் கழித்தும் பாதிக் குழிக்குமேல் தண்ணீர் நின்றது. சுண்ணாம்பு மட்டும் இருந்திருந்தால் செடியின் இலைதான் வெளுத்திருக்கும். களிமண்ணில் தண்ணீரும் தேங்கியதால்தான் வேர் அழுகி, மொட்டு விரிவதற்கே தெம்பில்லாமல் போயிருக்கிறது.

மூன்றாவது குற்றவாளி நானேதான். தண்டடியில் விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தபோது, முதல் வேர் தென்படுவதற்கு 8 சென்டிமீட்டர் இறங்க வேண்டியிருந்தது. நட்டபோதே சற்று ஆழமாக வைத்திருக்கிறேன்; பிறகு ஆண்டுதோறும் மண்ணை மூடும் மூடாக்கு போடுகிறேன் என்று தண்டைச் சுற்றி மேலும் மேலும் குவித்திருக்கிறேன். புதைந்திருந்த தண்டின் பட்டை ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது. மேல்மட்டத்தில் மூச்சு விட வேண்டிய வேர்களை நான் போர்வை போர்த்தி அமுக்கிவிட்டேன்.

இடம் மாற்றுவதென்று முடிவெடுத்தபின் பருவத்தைப் பற்றி யோசித்தேன். வேர் ஆழமில்லாததால், பெரிய ரோடோடென்ட்ரானைக்கூட இடம் மாற்ற முடியும். இந்த வகையில் இது ரோஜாவைவிடப் பணிவான செடி. இலையுதிர் காலத் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெயில் தணிந்திருக்கும், ஆனால் மண்ணில் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும். குளிர் இறுகுமுன் புது வேர் ஓடச் சில வாரங்கள் கிடைக்கும். குளிர் மிகக் கடுமையாக இருக்கும் இடங்களில் இருப்பவர்கள் பனி விலகிய இளவசந்தத்தில் இதைச் செய்வதே நல்லது.

புதிய இடமாக நான் தேர்ந்தெடுத்த ஓக் மரத்தடியைப் பற்றிச் சில வார்த்தைகள். ஓக்கின் வேர் ஆழமாகப் போவதால் மேல்மட்டத்தில் போட்டி குறைவு. மேப்பிள், பிர்ச் போன்ற மேலோட்டமான வேருள்ள மரங்களின் அடியில் வைத்திருந்தால், நான் ஊற்றும் தண்ணீரை அவையே குடித்திருக்கும். வால்நட் மரத்தின் பக்கம் போகவே கூடாது, அதன் வேர் கசியும் நஞ்சு ரோடோடென்ட்ரானுக்கு ஆகாது. இலைகளின் ஊடே சலித்து விழும் வெயில் இங்கே கிடைக்கிறது. விடியற்காலை வெயில் நேராக விழுவதில்லை என்பது இன்னொரு வசதி. உறைபனி படிந்த மொட்டின்மேல் முதல் வெயில் சுள்ளென்று விழுந்து வேகமாக உருக்கினால்தான் இதழ்கள் அதிகம் கருகும்.

புதிய இடத்தில் மண் நன்றாக இருந்தும் நான் குழி தோண்டவில்லை. புல்லைச் செதுக்கி எடுத்து, கவைமுள்ளால் ஒரு சாண் ஆழத்துக்கு நிலத்தைத் தளர்த்திவிட்டு, அதன்மேல் 1.8 மீட்டர் அகலமும் நடுவில் 35 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மேட்டைக் கட்டினேன். பாதியளவு பொடித்து மட்கிய பைன் மரப்பட்டை, கால் பங்கு இரண்டாண்டு மக்கிய இலை மட்கு, கால் பங்கு அந்த இடத்து மண். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 400 லிட்டர். பட்டைத் துண்டுகளில் சில கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன், அவைதான் கலவைக்குள் காற்றறைகளை உண்டாக்குகின்றன. தென்னைநார்க் கழிவைச் சேர்ப்பவர்கள் அதை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிய பின்னரே சேர்க்க வேண்டும். அதில் தங்கியிருக்கும் உப்பு இந்த மெல்லிய வேர்களைச் சுட்டுவிடும். பச்சை மரத்தூளும் வேண்டாம், அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ஹைட்ரேஞ்சியாப் பூவை நீலமாக்கப் பயன்படுத்தும் அலுமினிய சல்பேட்டைச் சிலர் ரோடோடென்ட்ரானுக்கும் பரிந்துரைப்பதுண்டு. மண் புளிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அலுமினியம் சேரச் சேர வேருக்கு நஞ்சாகும் என்பதால் அதை நான் தொடவே இல்லை.

தோண்டும் நாளுக்கு முந்தைய மாலை செடிக்கு நிறையத் தண்ணீர் விட்டேன். கிளைகளை மேல்நோக்கித் தளர்வாகக் கயிற்றால் சேர்த்துக் கட்டினேன். தண்டிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி வட்டமாக மண்வெட்டியை நேராக இறக்கிக்கொண்டே வந்து, பிறகு அடியில் சாய்வாகச் செலுத்தி நெம்பினோம். நான் எதிர்பார்த்ததைவிட வெகு எளிதாகச் செடி அசைந்து கொடுத்தது, அந்த எளிமையே எனக்குக் கவலையாக இருந்தது. தார்ப்பாயின்மேல் சாய்த்து, ஒட்டியிருந்த களிமண்ணைக் குச்சியால் தட்டி உதிர்த்தபோது உள்ளே ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் நான் வாங்கிய தொட்டியின் வடிவம் அச்சு மாறாமல் வெளிப்பட்டது. என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, “தொட்டியைக் கழற்றாமலே நட்டுவிட்டாயா, அக்கா?” என்று கேட்டான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்கள் நார்க்கூடை முடைந்ததுபோல் இறுகியிருந்தன. வெளியே போன வேர்கள் மேல்பக்கத்தில், மூடாக்கு மக்கிய இடத்தில் மட்டும் கொஞ்சம் இருந்தன. அடிப்பகுதியில் வேர்கள் பழுப்பாகி, இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று, நடு நரம்பு மட்டும் நூலாகத் தொங்கியது. புளித்த நாற்றமும் அடித்தது. அதைவிட விசித்திரம், அந்தப் பந்தின் நடுப்பகுதி காய்ந்த நெட்டிபோல் இருந்தது. முந்தைய மாலை அவ்வளவு தண்ணீர் விட்டும் நடுவில் ஒரு துளி இறங்கவில்லை. பீட் எனப்படும் சதுப்பு நிலத்து மட்கு கலந்த தொட்டி மண் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரை ஏற்பதில்லை. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு வழிந்து போய்விடும். அடியில் அழுகல், நடுவில் வறட்சி, மேலே மூச்சடைப்பு. இவ்வளவுக்கும் நடுவில் அந்தச் செடி இரண்டு கொத்துப் பூத்ததை நான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழுகிய அடிப்பகுதியை, ஏறக்குறைய ஒரு கை தடிமனுக்கு, வளைந்த ரம்பத்தால் அறுத்து எறிந்தேன். அறுத்த ரம்பத்தைச் சாராயத்தால் துடைத்தேன். வேரழுகலை உண்டாக்கும் பைட்டாப்தோரா போன்ற கிருமிகள் கருவி வழியாகப் பரவக்கூடியவை. பக்கங்களில் மேலிருந்து கீழாக நான்கு இடங்களில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கத்தியால் கீறி, கீறிய இடங்களை விரல்களால் பிரித்து வேர்நுனிகளை வெளியே இழுத்துவிட்டேன். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் சுற்றிக்கொண்ட வேர் தானாகத் திசை மாறுவதில்லை. கீறாமல் நட்டால் இன்னும் ஆறு ஆண்டுகள் கழித்தும் அதே தொட்டி வடிவத்தைத்தான் தோண்டி எடுப்போம். பிறகு பந்தைப் பெரிய தொட்டியில் மழைநீரில் அமிழ்த்தினேன். முதலில் மிதந்தது. கல்லை வைத்து அழுத்தியதும் குமிழிகள் வரத் தொடங்கி, முக்கால் மணி நேரம் வந்துகொண்டே இருந்தன. குமிழி நின்றபின்தான் வெளியே எடுத்தேன்.

பாதி உயரத்துக்குக் கட்டிய மேட்டின்மேல் பந்தை உட்கார வைத்து, பக்கங்களில் கலவையை நிரப்பினேன். பந்தின் மேற்பரப்பு சுற்றியுள்ள கலவையைவிட இரண்டு விரற்கடை உயரமாகவே இருக்கும்படி விட்டேன். மேடு நாளடைவில் அமுங்கும், உயரமாக வைத்த செடிதான் பிறகு சரியான மட்டத்துக்கு வரும். காலால் மிதித்து இறுக்கவில்லை, தண்ணீர் விட்டே அமர வைத்தேன். மேலே 6 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பைன் பட்டை மூடாக்கு. தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக விட்டேன். இந்த முறை அந்த இடைவெளியில் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்வது என் காலைக் கடமைகளில் ஒன்றாகிவிட்டது. நடும்போது உரம் எதுவும் இடவில்லை.

செடியில் அப்போது மூன்று பூமொட்டுகள் இருந்தன. ரோடோடென்ட்ரானில் பூமொட்டையும் இலைமொட்டையும் இலையுதிர் காலத்திலேயே பிரித்தறியலாம். இலைமொட்டு ஒல்லியாக, கூராக இருக்கும், பூமொட்டு உருண்டு பருத்திருக்கும். வேர் ஊன்றும் ஆண்டில் பூவுக்குச் செலவழிய வேண்டாம் என்று இரண்டைக் கிள்ளிவிட்டேன். மூன்றாவதைக் கிள்ள மனம் வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் செடியைப் பார்ப்பதே ஒரு பாடமாக இருந்தது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகப் போக இலைகள் காம்பிலிருந்து கீழ்நோக்கித் தொங்கி, நீளவாக்கில் ஓலைச்சுருள்போல் சுருண்டுகொண்டன. முதல் முறை பார்ப்பவருக்குச் செடி செத்துவிட்டதென்றே தோன்றும். வெயில் ஏறி மதியம் சற்று வெதுவெதுப்பானதும் அதே இலைகள் மறுபடி விரிந்து நிமிர்ந்துவிடும். உறைந்த இலையின்மேல் கடும் வெளிச்சம் படுவதைக் குறைத்துக்கொள்ளச் செடி செய்யும் ஏற்பாடு இது என்று விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் வெதுவெதுப்பான நாளிலும் இலை சுருண்டே கிடந்தால் அது வேரின் புகார். அப்போது மேட்டை விரலால் சோதிக்க வேண்டும்.

வசந்தத்தில் அந்த ஒற்றை மொட்டு விரிந்தது. அது போதும் எனக்கு. அதைவிட நான் காத்திருந்தது பூவுக்குப் பின் வரும் குருத்துக்கு. வந்தது, மஞ்சள்தான், ஆனால் முந்தைய ஆண்டுகளின் மஞ்சள் இல்லை, பச்சை கலந்த மஞ்சள். அடுத்த சில வாரங்களில் அந்த இலைகள் தாமாகவே கருக்கத் தொடங்கின. அப்போதுதான் அமோனியம் சல்பேட்டை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியை, மேட்டின் விளிம்பில் தூவி நீர் விட்டேன். இந்தச் செடி தழைச்சத்தை அமோனியம் வடிவில்தான் விரும்புகிறது. நடுக்கோடைக்குப் பிறகு உரமிடவே கூடாது. இட்டால் பருவம் தப்பிய இளங்குருத்து வந்து முதல் உறைபனியிலேயே கருகும்.

கோடையில் மழைநீர் தீர்ந்தபோதுதான் உண்மையான சோதனை. எங்கள் குழாய்நீர் சுண்ணாம்பு மிகுந்தது. கொதிகலத்தில் வெள்ளைப் படிவம் விடும் தண்ணீரை மேட்டில் ஊற்றினால், சுவரடியில் கிடந்த காரையை நானே வாளியில் கொண்டுவந்து சேர்த்ததாகும். அதனால் கூரையிலிருந்து இறங்கும் குழாய்க்கு இரண்டாவது பீப்பாயும் வைத்தேன். மழையில்லாத வாரங்களில் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 10 லிட்டர், பாதியை ஊற்றிக் கால் மணி கழித்து மீதியை. ஈரம் பார்க்கும்போது மேட்டின் ஓரத்தில் பார்க்காமல், பழைய வேர்ப்பந்துக்குள்ளேயே விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஓரம் ஈரமாகவும் பந்து வறண்டும் இருந்ததை அந்தக் கோடையில் இருமுறை கண்டேன்.

கோடை இறுதியில் இலையோரங்களில் பயணச்சீட்டில் துளையிட்டதுபோல் அரைவட்டக் கடிகள் தென்பட்டன. இரவில் கைவிளக்குடன் போய்ப் பார்த்தபோது கறுத்த கூன்வண்டுகள் மெதுவாக மேய்ந்துகொண்டிருந்தன. இவை பறக்காதவை, எல்லாமே பெண். ஒன்றே ஒன்று இருந்தாலும் இணையில்லாமல் முட்டையிடும். இலைக்கடி கண்ணுக்கு அழகில்லை என்பதோடு சரி. மண்ணுக்குள் வேரைத் தின்னும் வெண்புழுதான் செடியைக் கொல்லும். நான்கு இரவுகளில் 17 வண்டுகளைப் பொறுக்கினேன். மண் சூடாக இருக்கும்போதே, அந்தப் புழுக்களைத் தேடிக் கொல்லும் நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து மேட்டில் ஊற்றினேன். இலையடியில் கறுப்புப் புள்ளிகளும் மேலே வெளுத்த பொரிவும் இருந்தால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் வேலை, வெயில் மிகுந்த இடத்துச் செடிகளில் அதிகம். நல்ல வேளையாக எனக்கு அது வரவில்லை.

ஆனால் அந்தக் கோடையின் முக்கியச் செய்தி மொட்டுகள். அடுத்த வசந்தத்தின் பூவை இந்தச் செடி முந்தைய கோடையிலேயே கட்டி முடித்துவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல், இலையுதிர் காலத்தில் கவாத்து செய்து, பூக்கவில்லையே என்று வருந்துபவர்கள் பலர். வெட்ட வேண்டுமென்றால் பூ முடிந்த உடனே வெட்ட வேண்டும். இலைகள் உதிரும் பருவத்தில் என் செடியில் உருண்ட மொட்டுகளை எண்ணினேன்: 19.

இரண்டாம் வசந்தத்தில் நான் தினமும் மொட்டுகளைப் பார்த்தேன். முதலில் செதில்கள் பிசுபிசுத்தன. பிறகு செதில்களுக்கிடையே நகக்கீற்றளவு ஊதா தெரிந்தது. நிறம் தெரிந்த மூன்றாம் நாள் இரவு உறைபனி வரும் என்று வானிலை அறிக்கை சொன்னது. இறுக மூடிய மொட்டு ஓரளவு குளிரைத் தாங்கும், நிறம் காட்டிவிட்ட மொட்டு தாங்காது. மேட்டைச் சுற்றி நான்கு கழிகள் நட்டு, பூக்களில் படாதபடி பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினேன். மறுநாள் காலை விரிப்பு விறைத்துப் போயிருந்தது. உள்ளே, வடக்குப் பக்கம் விரிப்பு சரிந்து மொட்டின்மேல் சாய்ந்திருந்த இடத்தில் இரண்டு மொட்டுகள் உள்ளே பழுத்துப் பழுப்பாகிவிட்டன. ஒன்றை நெடுக்காக வெட்டிப் பார்த்தபோது இதழ்கள் தேயிலைச் சக்கைபோல் இருந்தன. மற்ற 17-ம் பிழைத்தன.

அவை விரிந்த பத்து நாட்களில் நான் வேறு தோட்ட வேலை எதுவும் பார்க்கவில்லை. ஒவ்வொரு மொட்டும் ஒரே நாளில் விரிவதில்லை. ஓரத்துப் பூக்கள் முதலில் புனல்போல் திறக்க, நடுவில் உள்ளவை கருஞ்சிவப்பாக மூடியே நிற்கும், ஆகவே ஒரே கொத்தில் மூன்று நிறம் தெரியும். ஒரு கொத்தில் 14 பூக்கள் எண்ணினேன். ஒவ்வொரு பூவின் மேலிதழிலும் பசும்பொன் புள்ளிகள் தெளித்ததுபோல் இருக்கும்; தேன் எங்கே என்று வண்டுக்கு வழி காட்டும் புள்ளிகள் அவை. அருகில் குனிந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இந்தப் பூவின் மகரந்தப் பை வெடித்துப் பொடி சிந்துவதில்லை. நுனியில் இரண்டு துளைகள் மட்டும் உண்டு. பஞ்சுத் தேனீ ஒன்று மகரந்தத் தாள்களைக் கட்டிப் பிடித்து இறங்கும்போது, அந்தத் துளையிலிருந்து மகரந்தம் ஒட்டும் இழைகளில் கோத்து நூலாக இழுபட்டு அதன் வயிற்றில் படிகிறது. பகல் வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தால் அந்த நூலைக் கண்ணால் பார்க்கலாம். அதைப் பார்ப்பதற்காக ஒரு முக்காலியை மேட்டருகே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

தேனீக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது, கிமு 401-இல் கருங்கடலோரம் வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த கிரேக்கப் படைவீரர்கள், அங்கிருந்த காட்டுத் தேனை உண்டு நிற்க முடியாமல் விழுந்து, மூன்று நான்கு நாட்களில் எழுந்தார்களாம்; படைத்தலைவர் செனபோன் இதைப் பதிந்திருக்கிறார். ரோடோடென்ட்ரானின் இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரேயனோடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. ஆடு, நாய், சிறு குழந்தை எதுவும் இலையைக் கடிக்க விடக்கூடாது. வெட்டிய கிளைகளைக் கால்நடைகள் மேயும் பக்கம் வீசவும் கூடாது.

பூக்கள் வாடி விழும் முறையும் அழகுதான். இதழ் இதழாக உதிராமல் புனல் முழுதாகக் கழன்று, சூல்தண்டின் வழியே வழுக்கி விழுகிறது. சில நாட்கள் மேடு முழுவதும் கவிழ்ந்த புனல்கள். மிஞ்சிய கொத்துக்காம்பை விதை கட்டுமுன் அகற்றினேன். கத்தரிக்கோல் வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் அடியைப் பிடித்து ஒரு பக்கமாக வளைத்தால் ‘டக்’ என்று ஒடியும். அதற்கு நேர் கீழே இரண்டு மூன்று இலைமொட்டுகள் உட்கார்ந்திருக்கும். அடுத்த ஆண்டின் பூ அவற்றிலிருந்துதான் வரும் என்பதால் அவசரப்படக் கூடாது. 17 கொத்துகளில் ஒன்றில் கைதவறி மொட்டையும் சேர்த்து ஒடித்துவிட்டேன். விரல்களில் ஒட்டும் பிசின் சோப்பில் போகாது, சமையல் எண்ணெயில் போகும். வளர்ந்து நிற்கும் பெரிய மரங்களில் இந்த வேலைக்கு அவசியமில்லை. இடம் மாறித் தேறிவரும் செடிக்கு விதை கட்டும் செலவு மிச்சம்.

மேடு இதற்குள் 7 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தது. பட்டை மக்குவதால் இது ஆண்டுதோறும் நடக்கும். செடியைத் தொடாமல் சுற்றிலும் மட்டும் பட்டையும் இலை மட்கும் சேர்த்தேன். குருத்திலைகள் இந்த ஆண்டு கரும்பச்சை. சுவரடியில் இருந்த பழைய குழியில், சுண்ணாம்பை விரும்பும் லாவெண்டர் வைத்திருக்கிறேன், காரைக்கும் ஒரு வேலை கிடைத்தது.

ஒரு தாழ்ந்த கிளை மேட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் அடிப்பட்டையை விரல் நீளத்துக்குச் சீவி, கலவைக்குள் அழுத்தி, வளைந்த கம்பியால் பிணைத்து, மேலே ஒரு தட்டைக் கல்லை வைத்துப் பதியன் போட்டிருக்கிறேன். வேர் பிடிக்க இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். கல்லைத் தூக்கிப் பார்க்க வேண்டாமென்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான்தான் இதற்குள் இருமுறை தூக்கிப் பார்த்துவிட்டேன்.